அறிந்து பின்பற்றுவதா, பின்பற்றி அறிவதா?

கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஜெபக்கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு; கிறிஸ்துவை நீர் சொந்தமாக அறிந்திருக்கிறீரா என்பதே அது. அந்தச் சமயத்தைச் சாராத வாசகருக்கு இக்கேள்வி விநோதமாகத் தோன்றுவது இயற்கையே. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாலஸ்தீன நாட்டில் வாழ்ந்து சிலுவையில் உயிர்நீத்த ஒருவரைப் பற்றிப் படிக்கலாம், அவருடைய உபதேசங்களை வியந்து போற்றலாம். அவரையே நேரில் அறிவது எங்ஙனம் கூடும்? கிறிஸ்தவர்களுள்ளும் பலர், கண்ணீரும் பரவசமும் கலந்த ஏதோ ஓர் உணர்ச்சிவேகத்தையே அந்த அறிவாக எண்ணிக்கொள்வதால், கேள்விக்கு விடை தெளிவதற்குப் பதிலாக மேலும் மங்கிப் போகிறது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரம் இவ்விஷயத்தில் திட்டமாகவே பேசுகிறது. சிலுவைப்பாட்டுக்கு முந்திய இரவில், சீஷரோடு கடைசி முறையாகப் பந்தியிருந்த இயேசு, தம்மிடத்தில் அன்பாயிருப்பவன் தம்முடைய கற்பனைகளைக் கைக்கொள்ளுவான் என்றும், அப்படிப்பட்டவனுக்கே தம்மை வெளிப்படுத்துவதாகவும் வாக்களிக்கிறார். அன்பும் கீழ்ப்படிதலும் முன்னே செல்ல, அறிவு அவற்றின் பின்னே வருகிறது என்னும் இந்த முறையை நாம் எளிதில் ஏற்பதில்லை. முதலில் ஐயந்திரிபற அறிந்துகொள்வோம், அறிந்தபின் நேசிப்போம், நேசித்தபின் வேண்டுமானால் சொன்னபடி செய்வோம் என்பதே நம் சுபாவமான எண்ணம். அந்த எண்ணத்தோடு தொடங்கி, அறிவின் பாதையில் ஒரு மனிதன் செல்லக்கூடிய தூரமெல்லாம் சென்று, அங்கிருந்து வேறு பாதைக்குத் திரும்பிய ஒருவரின் சரித்திரத்தைச் சொன்னால் இது விளங்கும். அவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர்.

1875-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, அக்காலத்தில் ஜெர்மானிய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த அல்சாஸ் பிரதேசத்தில் பிறந்த ஷ்வைட்சர், குன்ஸ்பாக் என்னும் சிற்றூரின் லுத்தரன் போதகருடைய மகன். ஸ்திராஸ்பூர்க் சர்வகலாசாலையில் தத்துவமும் வேதசாஸ்திரமும் கற்று, முப்பது வயது நிரம்புமுன்பே அந்நகரின் வேதசாஸ்திரக் கல்லூரிக்குத் தலைவராகி, ஆலயத்தில் பிரசங்கம் செய்து, பாரிஸ் நகரத்து விதோரிடம் ஆர்கன் வாத்தியம் பயின்று, பாக் என்ற இசை மேதையைப் பற்றிப் பெரியதொரு நூலும் எழுதியவர். இத்தனை அலுவல்களுக்கு நடுவே அவர் மேற்கொண்ட ஆராய்ச்சியே நமக்கு முக்கியமானது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரைமாருஸ் என்பவர் தொடங்கி, தம் காலத்து அறிஞரான விரேடே வரை, இயேசுவின் உண்மைச் சரித்திரத்தை எழுத முயன்ற அனைவருடைய நூல்களையும் ஷ்வைட்சர் ஒன்றுவிடாமல் படித்தார். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் வேண்டிய புத்தகங்களைத் தம் அறையின் தரையில் தனித்தனிக் குவியலாக அவர் அடுக்கி வைத்திருந்தபடியால், வந்தவர்கள் அக்குவியல்களுக்கிடையே வளைந்து நெளிந்து நடக்க வேண்டியிருந்ததாம். 1906-இல் வெளியான அவருடைய நூல் கண்டு சொன்ன உண்மை, ஆராய்ச்சியாளர் பலரைத் திடுக்கிட வைத்தது. பகுத்தறிவு வாதியின் கையில் இயேசு அற்புதம் எதுவும் செய்யாத நல்லாசானாகிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ரெனான் எழுதினால் கலிலேயாவின் மலர்களுக்கிடையே உலவும் மென்மையான இளைஞராகிறார். ஜெர்மானியத் தாராளவாதப் பேராசிரியரிடமோ பேராசிரியருக்கு உடன்பாடான ஒழுக்க போதகராகவே உருவெடுக்கிறார். ஒவ்வொருவரும் தத்தம் காலத்தின் முகத்தையே அவர்மேல் வரைந்திருக்கிறார்கள். உண்மையான இயேசுவோ, தேவனுடைய ராஜ்யம் இதோ வந்துவிட்டது என்னும் மாபெரும் எதிர்பார்ப்பில் வாழ்ந்தவர். அவரை நம் காலத்துக்கு இழுத்து வந்து நமக்கு இசைவானவராக்க முயலுந்தோறும், அவர் அந்நியராக விலகித் தம் காலத்துக்கே திரும்பிப் போய்விடுகிறார்.

இப்படிப்பட்ட முடிவுக்கு வந்தவர் விசுவாசத்தைக் கைவிட்டிருப்பார் என்றே எவரும் எண்ணுவர். அந்நூலின் கடைசிப் பகுதியைப் படிப்பவர்கள் காண்பது வேறு. கடற்கரையில் தம்மை யாரென்று அறியாத மீனவரிடம் வந்தது போலவே இயேசு இன்றும் அறியப்படாதவராக நம்மிடம் வருகிறார். தம்மைப் பின்பற்றும்படி அழைத்து, நம் காலத்தில் அவர் செய்து முடிக்க வேண்டிய வேலையை நம் கையில் தருகிறார். கீழ்ப்படிகிறவர்கள், கற்றோராயினும் கல்லாதவராயினும், அவரோடு உடனிருந்து படும் உழைப்பிலும் போராட்டத்திலும் துன்பத்திலும், அவர் யார் என்பதைச் சொல்லில் அடங்காத இரகசியமாகத் தம் அநுபவத்தில் கண்டுகொள்வார்கள். நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சியின் கடைசியில் அந்தப் பண்டிதர் எழுதி வைத்தது இதையே.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அந்நூல் வெளிவந்தபோது அவர் அதே ஸ்திராஸ்பூர்க் நகரில் மருத்துவ மாணவராக உடற்கூறு படித்துக்கொண்டிருந்தார். 1896-ஆம் ஆண்டுப் பெந்தெகொஸ்தே விடுமுறையில், தம் தந்தையின் வீட்டில் ஒரு காலை விழித்தெழும் வேளையில், தமக்குக் கிடைத்த இன்பங்களையெல்லாம் இயல்பாகத் தமக்குரியவையென்று கொள்ளலாகாது என உணர்ந்து, முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும், பின்பு மனிதருக்கு நேரடியான ஊழியத்துக்கும் வாழ்வை ஒப்படைப்பதென்று அவர் தீர்மானித்திருந்தார். தன் உயிரைக் காக்க நினைப்பவன் அதை இழப்பான் என்று இயேசு கூறியதன் பொருள் நெடுநாள் தமக்கு விளங்காதிருந்து, அன்றுதான் விளங்கியது என்று பிற்காலத்தில் அவரே எழுதுகிறார். எத்தனை உரை நூல்களைப் படித்தவர்! அந்த வசனம் புரிவதற்கு ஒரு தீர்மானம் தேவையாயிருந்தது.

1904-இல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகையில், காபோன் நாட்டுக்கு ஊழியர் தேவை என்னும் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி, மருத்துவராகி ஆப்பிரிக்காவுக்குப் போகும் முடிவைத் தெரிவிக்கும் கடிதங்களைப் பாரிஸ் நகரின் தபால் பெட்டி ஒன்றில் போட்டார். உறவினரும் நண்பரும் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். படைத்தலைவன் துப்பாக்கியேந்திப் போர்முனை வரிசையில் போய் நிற்பது போன்றது இது என்று விதோர் கடிந்துகொண்டார். இயேசு போதித்த அன்புக்கு ஊழியஞ்செய்யும் விருப்பம் ஒருவனைப் புதிய வழியில் திருப்பக்கூடும் என்பதை வேதத்தில் படித்து ஒப்புக்கொள்ளும் கிறிஸ்தவர்களே, அது கண்ணெதிரே நடக்கும்போது நம்ப மறுத்ததுதான் அவரை மிகவும் வியக்கச் செய்தது. நம்மிலும் எத்தனையோ பேர் அந்த நண்பர்களின் பக்கத்திலேயே நின்றிருப்போம் என்பது என் எண்ணம்.

கீழ்ப்படிதல் என்பது பெரும்பாலும் இனிமையற்ற வேலை. கல்லூரியில் கற்பித்துக்கொண்டும், ஆலயத்தில் பிரசங்கித்துக்கொண்டும், ஆர்கன் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகப் பிரயாணம் செய்துகொண்டும், பல ஆண்டுகள் களைப்போடு அவர் மருத்துவம் படித்தார். எல்லாம் முடிந்தபின், அவருடைய வேதசாஸ்திரக் கொள்கை பிழையானது என்று மிஷன் சங்கத்தில் சிலர் தயங்கவே, தாம் வைத்தியம் மட்டும் பார்ப்பதாகவும் வாய்திறந்து பிரசங்கிப்பதில்லை என்றும் உறுதிமொழி தந்து அநுமதி பெற்றார். 1913-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று, தாதிப் பயிற்சி பெற்ற தம் மனைவி ஹெலேனாவோடு புறப்பட்டு, ஏப்ரல் மாதம் ஓகோவே நதிக்கரையிலுள்ள லம்பரெனே வந்து சேர்ந்தார். கட்டடம் ஏதும் ஆயத்தமாயில்லை. பழைய கோழிக்கூடு ஒன்றைச் சுத்தஞ்செய்து வெள்ளையடித்து, அதிலே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

குடலிறக்க நோயால் துடித்து வந்த ஒருவருக்கு அறுவை செய்தபின், அவர் கண்விழித்து வலி நீங்கியதை உணர்ந்து மருத்துவரின் கையைத் தேடிப் பற்றிக்கொண்டு விடாமலிருந்ததையும், அப்போது தம்மையும் தம் மனைவியையும் ஓகோவே நதிக்கு அனுப்பியவர் இயேசுவே என்று அவருக்கும் அருகிருந்தவர்களுக்கும் தாம் எடுத்துச் சொன்னதையும், நீங்கள் எல்லாரும் சகோதரர் என்ற வேதவாக்கின் பொருளைக் கறுப்பரும் வெள்ளையருமாக அங்கு உட்கார்ந்திருந்தவர்கள் உணர்ந்ததையும் ஷ்வைட்சர் எழுதியிருக்கிறார். மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில், வியாதியாயிருந்தவனைக் கண்டு உதவியவன் தமக்கே உதவினான் என்று இயேசு சொல்வதை எத்தனையோ முறை படித்தவர், அவ்வசனத்துக்குள்ளேயே இப்போது நின்றுகொண்டிருந்தார். கிறிஸ்துவைச் சொந்தமாக அறிதல் என்று கிறிஸ்தவர்கள் கூறுவது இதைத்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

எனினும் கீழ்ப்படிதலை மாத்திரம் தனியே பிரித்தெடுத்துப் போற்றுவது அபாயம். கெட்ட குமாரன் உவமையில் மூத்த மகன் தந்தையின் கட்டளையை ஒருநாளும் மீறாதவன், வயலில் உழைத்தவன், ஆனாலும் தம்பி திரும்பி வந்த நாளில் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கிறான். அத்தனை ஆண்டுகள் தந்தையோடிருந்தும் தந்தையின் இருதயத்தை அவன் அறியவில்லை, ஏனெனில் அவன் செய்ததெல்லாம் கூலிக்கணக்காகவே இருந்தது. நேசிக்கிறவனோ கட்டளையின் வழியே கட்டளையிட்டவருடைய மனத்தைக் காண்கிறான். சத்துருவை மன்னிக்கும்போது, மன்னிப்பது அவருக்கு எவ்வளவு கடினமாயிருந்திருக்கும் என்பதை உள்ளிருந்து அறிகிறான்.

ஷ்வைட்சரைக் குற்றமற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. ஆப்பிரிக்கரைச் சகோதரர் என்று அழைத்த அவர், தம்மை மூத்த சகோதரராகவே வைத்துக்கொண்டார். அந்த மனப்பான்மையைப் பின்வந்த ஆப்பிரிக்கத் தலைமுறை கண்டித்தது நியாயமே. அவருடைய கொள்கைகள் பலவற்றைத் திருச்சபைகள் ஏற்கவில்லை. முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மானியப் பிரஜை என்று பிரெஞ்சு அதிகாரிகளால் சிறைப்படுத்தப்பட்டு, நோயோடும் கடனோடும் ஊர் திரும்பிய அவர், 1924-இல் மீண்டும் லம்பரெனேக்குப் போனபோது பழைய மருத்துவமனை பெரும்பாலும் பாழாகிக் கிடந்தது. 1965-இல் இறக்கும்வரை அவருடைய உழைப்பு அங்கேயே நீடித்தது.

பிரசங்கிப்பதில்லை என்ற வாக்குறுதியிலிருந்து அவரை விடுவித்தவர்கள் லம்பரெனேயிலிருந்த மிஷனெரிமாரே. உடனிருந்து பார்த்தபின் அவர்களே அவரைப் பிரசங்கிக்க அழைத்தார்கள். எத்தனைமுறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதைப் பற்றி அவர் தம் நோயாளிகளுக்கு ஒருமுறை செய்த பிரசங்கத்தில் வேதசாஸ்திரத்தின் சாயலே இல்லை. காலையில் குடிசை வாயிலில் நிற்கும்போது கெட்டவன் ஒருவன் வந்து திட்டுகிறான், மன்னித்துவிடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை அடுத்த வீட்டு ஆடு தின்றுவிடுகிறது, சண்டையிடாதே. வாழைத்தாரை விற்றுத்தரச் சொல்லி அனுப்பினவன் காசைக் குறைத்துக் கொடுக்கிறான், அதையும் பொறு என்று, ஒரே நாளில் ஒருவன் எத்தனைமுறை மன்னிக்க நேர்கிறது என்பதை அந்தக் கிராமத்து மனிதர்களுக்கு அவர் எண்ணிக்காட்டினார்.