பாடி ஆல்டர்னேட்டர் வித்தைதான் பேஸ் கிடாரிலும்!

பாடி என்றதும் 1961-ல் உருவான லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியும், அங்கே தயாராகும் ஆல்டர்னேட்டரும் ஞாபகம் வரும். அதில் காந்தமும் செம்புச் சுருளும் மின்சாரம் எடுக்கிற வித்தைதான் எலெக்ட்ரிக் பேஸ் கிடாரிலும் இருக்கிறது.

இரும்புக் கம்பிகளுக்கு கீழே உள்ள காந்தச் சுருளுக்கு 'பிக்கப்' என்று பெயர். கம்பி அதிர்ந்தால் சுருளில் லேசாக மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதை சத்தமாக்கும். தடித்த கம்பி வினாடிக்கு சுமார் 41 முறைதான் அதிரும். நெஞ்சில் 'தம்'மென்று இடிப்பது அதனால்தான்.

ஆர்டர் கொடுத்து செய்பவர்கள் உஷாராக இருக்கணும். பிக்கப் கழுத்துப் பக்கம் இருந்தால் கும்மென்று கேட்கும். பிரிட்ஜ் பக்கம் என்றால் நறுக்கென்று கேட்கும். கழுத்துக்கட்டை கைக்கு அடங்கணும். தோளில் மாட்டினால் தலைப்பக்கம் சாயக்கூடாது.

மரத்தை அறுத்த பிறகு மாற்றுவது கஷ்டம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி முடிச்சிடுங்க!