கடைத் தொழிலும் கேட்கும் செவியும்

அப்பிள் நிறுவனம் தன் முதலிரு விற்பனை நிலையங்களை அமெரிக்காவிலே 2001ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் திறந்தது. அத்தகைய கடையில் வேலை பெறுதற்குக் கணினியறிவு ஒன்றே போதும் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. கருவியைப் பற்றிய அறிவைப் பயிற்சியால் ஊட்டலாம். பிறர்பாற் பரிவை அவ்வாறு எளிதில் ஊட்டவியலாது. ஆகவே, விண்ணப்பகாரர் பலரை ஒருங்கே அமர்த்தி, உரையாடச் செய்து தேர்வதும் அங்கு உண்டு. தம் திறமையையே முழங்குபவர் அவ்விடத்துப் பின்னடைவர். அயலார் கூறுவதைச் செவிமடுத்து, வினவி, விளங்கிக்கொள்பவர் முன்னிற்பர். விடை தெரியாதவிடத்து, "சேர்ந்து கண்டறிவோம்" என்பது தாழ்வன்று. அதுவே நம்பிக்கையை வளர்க்கும். பழுதுற்ற கருவியோடு கலங்கி வருபவர் முதலில் தேடுவது, தம் குறையைக் கேட்கும் ஒருவரையே. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞர்களே, பேசப் பழகுமுன் கேட்கப் பழகுங்கள்.