மன்னிப்பு கேட்டால் போதுமா, விசி?

மணிரத்னம் இயக்கத்தில் 2017 ஏப்ரல் மாதம் வெளிவந்த ‘காற்று வெளியிடை’ படத்தை நம்மில் பலர் பாடல்களுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். படம் வந்தபோது என் வயதினர் பெரும்பாலும் தொடக்கப்பள்ளியில் இருந்தோம். அண்மையில் பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் சேர்ந்து அதை மீண்டும் பார்த்தோம். படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாக்குவாதம். கேள்வி ஒன்றுதான்: லீலா அவனை மன்னித்திருக்க வேண்டுமா?

கதை 1999ஆம் ஆண்டு கார்கில் போரை ஒட்டி நடக்கிறது. கார்த்தி நடித்த வருண், சுருக்கமாக விசி, இந்திய விமானப்படையின் போர் விமானி. ஸ்ரீநகரில் மருத்துவராகப் பணியாற்ற வரும் லீலா ஆப்ரகாமை அவன் காதலிக்கிறான். லீலாவாக நடித்தவர் அதிதி ராவ் ஹைதரி. விசி துணிச்சல்காரன், கலகலப்பானவன், பேச்சில் மயக்குபவன். ஆனால், தான் சொல்வதுதான் நடக்கவேண்டும் என்று நினைப்பவன்.

நண்பர்கள் முன்னிலையில் லீலாவைச் சிறுமைப்படுத்துகிறான். திருமணப் பதிவு அலுவலகத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அதை மறந்தே போகிறான். அவள் கருவுற்றிருப்பதைச் சொல்லும்போதும் அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தந்தையாக இருக்கத் தான் தயாராக இல்லை என்கிறான்.

ஒவ்வொரு முறை காயப்படுத்திய பிறகும் அவன் திரும்பி வருகிறான். கெஞ்சுகிறான், கொஞ்சுகிறான், சிரிக்க வைக்கிறான். அவளும் மனம் இளகுகிறாள். தான் ஏன் மறுபடியும் மறுபடியும் அவனிடமே போய் நிற்கிறோம் என்பது அவளுக்கே புரிவதில்லை. கடைசியில் ஒருநாள் அவள் விலகிப் போகிறாள். அதன் பிறகு போர். விசியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, அவன் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் சிறைப்படுகிறான்.

இழந்த காதலை மீட்க விசி செய்யும் முயற்சிகளைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். அவன் கேட்கும் மன்னிப்பு எல்லாமே அவனுடைய தேவைக்காகத்தான். அவள் இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை, அதனால் அவள் வரவேண்டும். “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை அவனிடம் இல்லை. மன்னிப்பு கிடைத்ததும் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைத்துப் பழைய விசியாகவே நடமாடுகிறான்.

இதை நாம் எளிதில் கவனிக்காமல் போவதற்குப் படத்தின் அழகும் ஒரு காரணம். ரவிவர்மனின் ஒளிப்பதிவில் பனிமலைகள் கண்ணை இழுக்கின்றன. இசைக்காக ஏ.ஆர்.ரகுமானுக்கும் ‘வான் வருவான்’ பாடலுக்காக ஷாஷா திருப்பதிக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. பாட்டு தொடங்கியதும், அதற்கு முந்திய காட்சியில் அவன் செய்ததை லீலாவோடு சேர்ந்து நாமும் மறந்துவிடுகிறோம்.

விசியைப் படம் நல்லவனாகக் காட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவனுடைய குடும்பம் வரும் காட்சிகளில் அடக்கி ஆளும் தந்தையைப் பார்க்கிறோம். இவன் இப்படி ஆனது எதனால் என்று ஓரளவு புரிகிறது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் செய்த தவறு சரியாகிவிடுமா? படத்தின் தலைப்பே பெண் விடுதலை பேசிய பாரதியின் கண்ணம்மா பாட்டிலிருந்து எடுத்தது. அந்தத் தலைப்பின்கீழ் இப்படி ஒரு காதலன் நிற்பதை மணிரத்னம் யோசிக்காமல் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது முடிவுதான். சிறையிலிருந்து தப்பி வரும் விசி, சில ஆண்டுகளுக்குப் பிறகு லீலாவைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். தனக்கு ஒரு மகள் இருப்பதையும் அறிகிறான். லீலா அவனை ஏற்றுக்கொள்கிறாள். எங்கள் வாக்குவாதம் சூடு பிடித்தது இந்த இடத்தில்தான்.

“அவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கான், மன்னிக்கக்கூடாதா?” என்றான் ஒரு நண்பன்.

“அவன் தப்பிச்சது சிறையிலிருந்து. அவனோட குணத்திலிருந்து தப்பிச்சிட்டானா?” என்று கேட்டாள் தோழி ஒருத்தி.

அந்தக் கேள்விக்கு எங்களில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

தமிழ்ப் படங்களில் நாயகன் தாடி வளர்ப்பான், குடிப்பான், மழையில் நிற்பான், அடிபடுவான். அவன் பட்ட துன்பத்தைப் பார்த்து நாயகி இறங்கி வரவேண்டும் என்று நாமும் எதிர்பார்ப்போம். ஆனால் துன்பப்படுவது வேறு, மாறுவது வேறு. விசி சிறையில் துன்பப்பட்டதைப் படம் காட்டுகிறது. அவன் மாறிவிட்டான் என்பதை நாம் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்கவேண்டியிருக்கிறது. அடுத்தமுறை கோபம் வரும்போது அவன் என்ன செய்வான் என்பது நமக்குத் தெரியாது.

இது திரையோடு நின்றுவிடும் விஷயமன்று. காதல் முறிந்த பிறகு புதுக் கணக்கிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவது, வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருப்பது, நண்பர்கள்வழி தூது விடுவது, சாப்பிடாமல் இருப்பதாகச் சொல்வது எல்லாம் இளையர் மத்தியில் நடப்பவைதான். செய்பவருக்கு அது காதலின் ஆழமாகத் தெரியலாம். பெறுபவருக்கோ அது நெருக்கடி. “எனக்காக இவ்வளவு செய்கிறாரே, நான்தான் கல்நெஞ்சக்காரியோ?” என்ற குற்றவுணர்வில் பலர் திரும்பிப் போகிறார்கள். ஆணுக்கும் இதே நிலை வருவதுண்டு.

உண்மையிலேயே மாறியவர் எப்படி இருப்பார்? செய்த தவற்றைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், இன்னது செய்தேன் என்று ஒப்புக்கொள்வார். பதிலை அவசரப்படுத்த மாட்டார். “வேண்டாம்” என்ற பதில் வந்தால் அதையும் ஏற்றுக்கொண்டு ஒதுங்குவார். இவற்றில் பாட்டுக்கும் நடனத்துக்கும் இடமில்லை. எல்லைதாண்டித் தப்பி வரும் வீரமும் தேவையில்லை.

விசி சிறையிலிருந்து தப்பி வந்ததைவிட, அன்று திருமணப் பதிவு அலுவலகத்துக்கு நேரத்தோடு போயிருந்தால், லீலாவின்மீது அவனுக்கு இருந்த காதலை நான் கூடுதலாக நம்பியிருப்பேன்.