தோட்டாவும் மருந்தளவும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கூறும் தமிழ் நூல்களில், சிப்பாய்கள் தோட்டாவைப் பல்லாற் கடிக்க மறுத்தனர் என்னும் செய்தி பெரும்பாலும் இடம்பெறும். முதுகலை வகுப்பொன்றில் இச்செய்தி வந்தபோது மாணவர் ஒருவர், "பித்தளைத் தோட்டாவை ஏன் ஐயா கடிக்க வேண்டும்?" என வினவினார். வகுப்பு நகைத்தது. ஆயினும் நிறைவான விடை அன்று நம்மிடம் இல்லை. படைக்கல வரலாற்றை ஒருவாறு பயின்ற பின்னரே, பிழை மாணவரிடத்தில் இல்லை, சொற்பொருளை ஆராயாது கடந்த நம்மிடத்தில் உளது எனத் தெளிந்தோம். 'தோட்டா பாய்ந்தது' என்று இன்று குண்டையே அச்சொல்லாற் சுட்டுகிறோம். முழுதின் பெயர் அதன் உறுப்பிற்கு ஆகிவந்த பொருளாகுபெயர் இது. 1857இல் சிப்பாயின் கையிலிருந்த தோட்டாவோ ஒரு தாட்சுருள். அதனை விளங்கிக்கொள்ள, வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு மருந்தை எவ்வாறு அளந்தனர், எவ்வாறு சுமந்தனர் என அறிதல் வேண்டும்.

மருந்து என்பது ஈண்டுக் கரிமருந்து. பிரித்தானியப் படையின் மருந்து வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விழுக்காட்டில் அமைந்தது. குழலின் வாய்வழியே முதலில் மருந்தையும் அதன்மேற் குண்டையும் இட்டு இடிகோலாற் கெட்டிப்பர். மருந்து குறைந்தாற் குண்டு இலக்கிற்குத் தாழ விழும். மிகுந்தால் தோளை உதைப்பதோடு குறியும் கெடும். ஆதலின் ஒவ்வொரு முறையும் அளவு ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது.

அவ்வளவைக் கிரெய்ன் என்னும் நிறைப்பெயராற் கூறுவர். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஆனால் காட்டில் நிற்கும் வேட்டைக்காரன் தராசைச் சுமந்து திரிதல் இயலுமா? 70 கிரெய்ன் மருந்து கொள்ளும் சிறு குழாய் ஒன்றைச் செய்துகொண்டு, நாழியில் நெல்லைத் தலைதட்டி அளப்பதுபோல அதனை நிரப்பிக் குழலில் ஊற்றினான். எடுத்தல் அளவையின் பெயர் முகத்தல் அளவைக்கு ஆயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. மருந்துக் குருணையின் பருமன் மாறினால் அதே குழாய் கொள்ளும் நிறையும் மாறும். ஆகவே துப்பாக்கிக்கேற்ற குருணையைத் தேர்ந்து அதனையே தொடர்ந்து கையாளுதல் நன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியக் கொல்லர் வழியினர் நீண்ட குழல் துப்பாக்கிகளைச் செய்தனர். அவற்றைக் கையாண்டோர் மருந்தை மாட்டுக்கொம்பிற் சுமந்தனர். கொம்பின் அகன்ற வாயை மரத்தால் அடைத்து, நுனியைத் துளைத்து முளையிட்டு மூடுவர். கொம்பு தீப்பொறி எழுப்பாது, நீர் புகவிடாது, கனமும் இல்லை. மான்கொம்பின் நுனியிலோ எலும்பிலோ குடைந்த அளவைக்குழாய் அதனோடு தொங்கும். கொம்பிலிருந்து நேரே குழலில் மருந்தைச் சாய்த்தலாகாது என்பது உறுதியான விதி. முன்னைய வேட்டின் தணல் குழலடியிற் கிடந்தால், தீ மருந்தோடையைப் பற்றி மேலேறிக் கொம்பு முழுவதையும் கையிலேயே வெடிக்கச் செய்யும். அளவைக்குழாயில் உள்ளது ஒரு வேட்டுக்குரியதே. அளக்கும் கருவி காக்கும் கருவியாகவும் நின்றது.

படைவீரனுக்குப் போர்க்களத்தில் நின்று அளந்துகொண்டிருக்கப் பொழுதில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரர், ஒவ்வொரு வேட்டுக்கும் அளந்திட்ட மரச்சிமிழ்களைப் பெரும்பாலும் பன்னிரண்டாகத் தோள்வாரிற் கோத்து அணிந்தனர். அவை நடக்கும்போது கலகலத்தன. தீப்பற்றும் அச்சமும் இருந்தது. அவற்றின் இடத்தைத் தாட்சுருள் கொண்டது. அளக்கும் தொழில் களத்தை விட்டுக் கூடத்திற்குச் சென்றது. 1800 முதல் பேக்கர் துப்பாக்கி ஏந்திய ஆங்கில வீரர் சுருளோடு கொம்பையும் சுமந்தனர் என்பது சுவையான விதிவிலக்கு. நுண்குறி வைத்தற்குக் கொம்பின் நுண்மருந்தையே பயன்படுத்தினர்.

இனி, 1853ஆம் ஆண்டு அமைப்பான என்பீல்டு துப்பாக்கிக்கு வருவோம். குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். மருந்து இரண்டரை டிராம், அதாவது ஏறத்தாழ 68 கிரெய்ன். குண்டு 530 கிரெய்ன். இரண்டும் ஒரே தாட்சுருளில் இருந்தன. மருந்து ஒரு முனையில், குண்டு மறுமுனையில். குண்டு இருந்த முனைக்கு வெளியே மசகு பூசினர். வரிப்பள்ளமிட்ட குழலில் அது எளிதிற் செல்வதற்கும், கரிக்கசடு இளகுவதற்கும் அம்மசகு வேண்டியிருந்தது. வீரன் ஒரு கையில் துப்பாக்கியைப் பற்றியிருப்பான். மறுகையிலுள்ள சுருளின் மருந்து முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் சொரிந்து, சுருளைத் திருப்பிக் குண்டு முனையைக் குழல்வாயில் நுழைத்து, எஞ்சிய தாளைக் கிள்ளியெறிந்து, இடிகோலாற் செலுத்துவான். கடித்தது அளந்த மருந்தின் வாயையே, உலோகத்தை அன்று.

கடித்தல் சிப்பாய்க்குப் புதிதன்று என்பதை நம் நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. பழைய வழுக்குழல் துப்பாக்கிக்கும் சுருளைக் கடித்தே மருந்திட்டனர். புதிதாய் வந்தது மசகு. கடிக்கும் முனையில் மசகு இல்லை என்பது உண்மை. ஆயினும் மசகு முனையைப் பற்றிய விரல்களே வாயருகே செல்லும்; கொழுப்பு பரவாது என எவர் உறுதி கூறுவார்? பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்னும் பேச்சு 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் எழுந்தது. பின்னர்ப் பல்லால் அன்றிக் கையாற் கிழிக்கலாம் என முறையை மாற்றினர். ஐயம் தீரவில்லை. ஏப்பிரல் 24ஆம் நாள் மீரட்டில் மூன்றாம் இலகு குதிரைப்படையினர் 90 பேருள் 85 பேர் சுருளைத் தொடவே மறுத்தனர். அவர்க்கு அன்று அளித்தவை பழைய வகைச் சுருள்களே. மே 9ஆம் நாள் அவர்களுக்கு விலங்கிட்டனர். மறுநாள் மீரட்டு எழுந்தது.

1866 முதல் என்பீல்டு துப்பாக்கிகளை ஸ்நைடர் முறையிற் பின்வழி அடைக்குமாறு மாற்றினர். பின்னர் வந்த உலோக உறைத் தோட்டாவில் கிழித்தற்கு ஒன்றும் இல்லை. எனவே 1857இன் செய்திக்குக் குறிப்பு வரைவோர் 'தோட்டா: துப்பாக்கிக் குண்டு' என எழுதுதல் பொருந்தாது, 'ஒரு வேட்டுக்கு அளந்த மருந்தையும் குண்டையும் பொதிந்த தாட்சுருள்' என எழுதுதல் தகும்.