கருஞ்சிறுத்தைக்கு ஊர் எது?

வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உயிரியல் பூங்காவில் கருஞ்சிறுத்தையின் விலாவைக் கவனித்துப் பாருங்கள். கறுப்புக்குள் அதைவிட அடர்ந்த கறுப்பில், வட்டம் வட்டமாகப் புள்ளிகள் தெரியும். அது தனி இனம் அல்ல, சாதாரணச் சிறுத்தைதான். ஒரே ஈற்றில் மஞ்சள் குட்டியும் கறுப்புக் குட்டியும் பிறப்பதுண்டு.

முடியில் எங்கே கறுப்பு, எங்கே மஞ்சள் என்பதைத் தீர்மானிப்பதில் அகூட்டி என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மரபணு பழுதானால் மஞ்சளுக்கு மாறும் கட்டளை நின்றுபோகிறது. சிறுத்தையிடம் இந்தப் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கறுக்கும். ஆகவே புள்ளிச் சிறுத்தைகளுக்கும் கறுப்புக் குட்டி பிறக்கலாம். இரண்டு கருஞ்சிறுத்தைகளைச் சேர்த்தாலோ, பிறப்பதெல்லாம் கறுப்புதான்.

கறுப்பு எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. மலாய்த் தீபகற்பத்தின் தெற்கில் ஏறக்குறைய எல்லாச் சிறுத்தைகளும் கறுப்பே. ஜாவாவில் இரண்டு நிறமும் உண்டு. அங்கத்திய கருஞ்சிறுத்தையைத் தனி இனமாகக் கருதி 1809இல் பெயரிட்டார் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியர். நம் நீலகிரியிலும் கர்நாடகத்தின் கபினியிலும் அவ்வப்போது தென்படுகின்றன. ஆப்பிரிக்காவில் மிக அரிது. கூண்டுக்கு வந்த கருஞ்சிறுத்தைகளின் மூதாதைகள் பெரும்பாலும் ஆசியக் காடுகளைச் சேர்ந்தவை என்பதற்கு இதுவே காரணம்.

பூங்காக்கள் விலங்கு வணிகரிடம் விலைக்கு வாங்கிய அந்தக் காலத்தில், எந்தக் காட்டில் பிடிபட்டது என்பது பலவேளை பதிவாகவில்லை. பார்வையாளர் கேட்டது நிறத்தை. பூங்காக்களும் நிறத்தையே பெருக்கின. ஜாவாச் சிறுத்தையோடு இந்தியச் சிறுத்தை, உடன்பிறந்ததோடு உடன்பிறந்தது என்று கூடச் சேர்த்தார்கள். சில விலங்குகளே மீண்டும் மீண்டும் மூதாதைகளாயின. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகினால் நலிவு வரும். இது அந்த விலங்குகளுக்கு இழைத்த அநீதி என்றே சொல்வேன்.

இன்று அமுர், பாரசீகம் ஆகிய துணையினச் சிறுத்தைகளுக்கு வம்சாவளிப் பதிவேடு வைத்து, யார் யாரோடு சேர வேண்டும் என்று பூங்காக்கள் கூடி முடிவெடுக்கின்றன. வம்சம் தெரியாத கருஞ்சிறுத்தைக்கு அந்தத் திட்டங்களில் இடமில்லை. ஜாவாவிலும் மலேசியாவிலும் காட்டுச் சிறுத்தைகள் குறைந்துவருகின்றன. அவற்றின் இடத்தை நிரப்பக் கலப்பு வம்சத்துக் கூண்டுச் சிறுத்தைகளை அனுப்ப முடியாது. அடுத்தமுறை பூங்காவுக்குப் போனால் பெயர்ப்பலகையைப் படியுங்கள். தாய் தந்தையின் ஊர் அதில் இல்லையென்றால், அங்குள்ள பணியாளரிடம் கேளுங்கள்.