மொரிஸ் மைனர் கற்றுத்தரும் வியாபாரப் பாடம்

சித்தாண்டியில் பிரதான வீதியோரமாக இருக்கும் எனது உதிரிப்பாகக் கடைக்கு முன்னால் சென்ற வாரம் ஒரு மொரிஸ் மைனர் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த ஐயாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். "முதலாளி, இதுக்கு இன்னும் சாமான் எடுக்கலாமா?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். உற்பத்தி நின்று ஐம்பது வருடங்களுக்கு மேலாகியும் ஒரு காருக்குச் சாமான் கிடைக்கிறதென்றால், அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை இருக்கத்தானே வேண்டும்?

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் சைக்கிள் திருத்தும் தொழிலில் தொடங்கியவர் வில்லியம் மொரிஸ். 1913இல் தனது முதலாவது காரை வெளியிட்டார். எஞ்சின் போன்ற பாகங்களைப் பிறரிடம் வாங்கித் தனது பட்டறையில் பொருத்தினார். 1921இல் வியாபாரம் படுத்தபோது மற்றவர்கள் தயங்கி நிற்க, இவர் துணிந்து விலையைக் குறைத்தார். விற்பனை ஏறியது. குறைந்த இலாபம், கூடிய விற்பனை என்று நமது மூத்த வியாபாரிகள் சொல்வதும் இதைத்தானே!

1948இல் வந்ததுதான் மொரிஸ் மைனர். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். கார் ஒடுக்கமாக இருப்பதாகப் பட்டதும் மாதிரிக் காரை நடுவால் வெட்டி, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்து, அந்த அகலத்தையே முடிவாக்கினார். முதலாளி மொரிஸுக்கோ அதன் உருண்டை வடிவம் பிடிக்கவேயில்லை. ஆனால் மக்களுக்குப் பிடித்தது.

முதல் கார்களில் 918 சீசீ எஞ்சின் இருந்தது. 1952இல் ஒஸ்டின் கம்பனியோடு இணைந்த பின் 803 சீசீ, 1956இல் 'மைனர் 1000' என்ற பெயரில் 948 சீசீ, 1962இல் 1098 சீசீ என எஞ்சின் மாறியது. மரச்சட்டம் வைத்த 'ட்ரவலர்', வேன், பிக்கப் என்பனவும் வந்தன. 1961இல் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சம் வரை செய்யப்பட்டிருந்தன.

இலங்கையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் இருந்த காரைப் பேணுவதைத் தவிர வழியில்லை. கராஜ்காரர்கள் பழையதைத் திருத்தப் பழகினார்கள். பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்களுக்கென்றே கடைகள் பெருகின. 1977க்குப் பின் ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தும் அந்தத் தொழில் அழியவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகர மொரிஸ் மைனர் நிலையம், இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து இங்கே பாகங்கள் செய்வித்து அங்கு கொண்டு சென்றது. ஆம்! பிறந்த நாட்டுக்கே நாம் சாமான் அனுப்பினோம்.

இனி என் கதை. இந்தக் காரின் முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன் என்ற பாகத்துக்கு ஒழுங்காக கிறீஸ் அடிக்க வேண்டும். மரை தேய்ந்தால் சில்லு மடிந்துவிடும். கடை தொடங்கிய புதிதில் மொத்த வியாபாரி ஒருவர் தந்த ட்ரனியனைப் பெட்டியில் 'ஒரிஜினல்' என்றிருந்ததை நம்பி, நானும் அப்படியே சொல்லி விற்றேன். சில மாதங்களில் வாடிக்கையாளரின் கார் வீதியிலேயே சில்லு மடிந்து சரிந்தது. அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் காயமில்லை. காசையும் திருத்தக் கூலியையும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டாரே தவிர, பின்னர் என் கடைக்கு வரவேயில்லை.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பெட்டியின் பெயரை நம்பியது என் தவறு. அன்றிலிருந்து 'இது ஒரிஜினல், இது கொப்பி, இது பாவித்தது' என்று பிரித்து, விலையையும் வேறாகவே சொல்கிறேன்.

2020 முதல் 2025 வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்தபோது பழைய வாகனத்தின் பெறுமதியை எல்லோரும் உணர்ந்தோம். பழைய சாமானை இரும்புக்குப் போடுமுன் இருமுறை யோசியுங்கள். அதைவிட முக்கியம், சாமானின் குறையை வாயால் சொல்லி விற்பது. ஐயாவுக்கும் அப்படித்தான் கொப்பி என்று சொல்லியே கொடுத்தேன். "சொன்னதே போதும்" என்று வாங்கிச் சென்றார்.