மணலும் பிணைப்பும்

நிலையற்ற ஒன்றை 'மணல் வீடு' என்கிறோம். ஆனால் மணற்பரல்களுக்கிடையே சுண்ணாம்பு ஊறி இறுகிவிட்டால், அந்த மணலே பாறைபோல் நிற்கிறது. அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் கணக்கிடுவது எவ்வாறு?

இதை அறியும் ஆவலில் ஒரு சிறு சோதனை செய்தேன். மணலுடன் சிறிது நீற்றிய சுண்ணாம்பைப் பிசைந்து, பால் டின் ஒன்றில் அடைத்து, இரண்டு வாரம் உலரவிட்டு, கட்டியாக வெளியே எடுத்தேன். அதன்மீது மூன்று செங்கற்களை அடுக்கியும் அது அசையவில்லை. நான்காவதை வைத்ததும் எவ்வித முன்னறிவிப்புமின்றி நொறுங்கியது. நொறுங்கியதைத் திரட்டி மீண்டும் டின்னில் அடைத்துக் கவிழ்த்தேன். வெறும் மணலாகவே சரிந்தது.

மண்ணின் வலிமைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1773-இல் ஒரு விதி தந்தார். பிணைப்பு ஒரு பங்கு, உராய்வு மற்றொரு பங்கு. இரண்டின் கூட்டுத்தொகையே வலிமை. உராய்வோ, பரல்களை அழுத்தும் விசையைப் பொறுத்தது. பிணைப்பு 50 கிலோபாஸ்கல், உராய்வு 70 கிலோபாஸ்கல் என்று கொண்டால் மொத்தம் 120 ஆகும். ஆனால் பிணைப்பு மிகச் சிறிய உருத்திரிபிலேயே முறிந்துவிடும். உராய்வு முழுமையாக எழுவதற்கு அதைவிடக் கூடுதலான திரிபு வேண்டும். ஒன்று வரும்போது மற்றொன்று போய்விட்டால், 120-ஐ நம்பிக் கட்டியவர் கதி என்ன?

1982-இல் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில், ஏறத்தாழ 125 மீட்டர் ஆழத்தில், நார்த் ராங்கின் எரிவாயு மேடைக்கு எஃகுத் தூண்களை இறக்கினார்கள். அடித்து இறக்க வேண்டிய அத்தூண்கள், எதிர்பார்த்த தடையின்றி மிக எளிதாக உள்ளே சென்றன. அங்கிருந்தது கிளிஞ்சல், கடலுயிர்களின் ஓடு ஆகியவற்றாலான சுண்ண மணல். தூண் உரசியதும் பிணைப்பு முறிந்தது. உள்ளீடற்ற பரல்களும் நொறுங்கிச் சுருங்கின. தூணை அழுத்திப் பிடிக்க வேண்டிய பக்க அழுத்தம் குறைந்ததால் உராய்வும் குன்றியது. பின்னர் அடித்தளத்தைப் பெருஞ்செலவில் வலுப்படுத்த நேர்ந்தது.

ஆகவே நல்ல கணித மாதிரி, மண்ணின் கடந்தகாலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1993-இல் கென்ஸ், நோவா ஆகியோர் தந்த மாதிரி அத்தகையது. மண் மீளாத் திரிபு அடையத் தொடங்கும் தகைவை ஓர் எல்லைக் கோடாக வரைகிறோம். பிணைப்பு அந்த எல்லையை அகலமாக்குகிறது. எல்லையை மீறி ஏற்படும் ஒவ்வொரு மீளாத் திரிபும் பிணைப்பில் சிறிது கரைக்கிறது. எல்லையும் வெறும் மணலின் எல்லையை நோக்கிச் சுருங்குகிறது. இழந்த பிணைப்பு சுமையை நீக்கினாலும் திரும்புவதில்லை.

என் சோதனையில் மூன்று செங்கற்களைத் தாங்கியதும் உண்மை. நான்காவதில் நொறுங்கியதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் எழுதிக்கொண்டு சோதனைக்கூடத்தைவிட்டு வெளியேறிவிடக் கூடாது என்பதே நான் கற்ற பாடம்.